கோடீஸ்வரன் முதல் கோடீஸ்வரி வரை: ஒரு கேள்வி விளையாட்டின் கதை

முரசுமோட்டையில் எனக்குத் தெரிந்த ஓர் அம்மா சில மாதங்களுக்கு முன்னர் ஒரு மாலை நேரம் அழைப்பு எடுத்தார். குரலில் பதற்றமும் இருந்தது, சந்தோஷமும் இருந்தது.

“பிள்ளை, ரீவியில கேள்வி கேட்டுக் காசு குடுக்கிற ஆக்கள் எடுத்தவை. என்ர நம்பருக்குப் பெரிய பரிசு விழுந்திருக்காம். வரிக்காசு மட்டும் முதல்ல கட்டட்டாம். கட்டலாமோ?”

கட்ட வேண்டாம் என்று சொன்னேன். அவர் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. “அப்ப அந்த ரீவியில குடுக்கிறது பொய்யோ?” என்று கேட்டார். அது பொய்யில்லை, இதுதான் பொய் என்பதை விளங்கப்படுத்த அரை மணித்தியாலத்துக்கு மேல் ஆனது. அந்த விளையாட்டு எப்படி நடக்கிறது, காசு எங்கிருந்து வருகிறது, யாருக்குக் கிடைக்கிறது, கிடைத்தவர்களுக்குப் பிறகு என்ன நடந்தது என்றெல்லாம் சொல்ல வேண்டியிருந்தது. அன்று அவருக்குச் சொன்னதையும் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

இலண்டனில் தொடங்கியது

தமிழில் ‘கோடீஸ்வரன்’ என்றும் ‘நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி’ என்றும் ‘கோடீஸ்வரி’ என்றும் நாம் பார்த்தவை எல்லாம் ஒரே மரத்தின் கிளைகள். 1998 செப்டெம்பர் 4ஆம் திகதி பிரித்தானியாவின் ஐ.ரி.வி. தொலைக்காட்சியில் ‘ஹூ வோண்ட்ஸ் ரு பி எ மில்லியனர்’ என்ற பெயரில் அது ஆரம்பமானது. டேவிட் பிரிக்ஸ், மைக் வைற்ஹில், ஸ்டீவன் நைற் ஆகிய மூவர் அதை உருவாக்கினர். செலடோர் என்ற நிறுவனம் தயாரித்தது. கிறிஸ் ராரண்ட் நடத்தினார். ஆரம்பத்தில் அதற்கு ‘பண மலை’ என்று பொருள்படும் பெயர் யோசிக்கப்பட்டிருந்தது. கடைசியில் 1956இல் வெளிவந்த ‘ஹை சொசைட்டி’ என்ற திரைப்படத்தின் பாடல் ஒன்றின் தலைப்பே நிகழ்ச்சிக்குப் பெயரானது.

அதற்கு முன்னரும் தொலைக்காட்சியில் கேள்வி பதில் போட்டிகள் இருந்தன. அவற்றில் பெரும்பாலானவை நேரத்தோடு போட்டியிடுபவை. வேகமாகப் பதில் சொன்னவர் வெல்வார். இந்த நிகழ்ச்சியோ போட்டியாளரை அவசரப்படுத்தவில்லை. நாற்காலியில் இருத்தி, வெளிச்சத்தைக் குறைத்து, நெஞ்சு துடிப்பது போன்ற இசையைப் போட்டு, யோசிக்க விட்டது. விடை தெரிந்தவரையும் “இதுதான் உங்கள் இறுதி விடையா?” என்று கேட்டுத் தடுமாறச் செய்தது. பார்வையாளர்களும் வீட்டிலிருந்து அதே கேள்விக்கு விடை சொல்லிப் பார்த்தார்கள். பிறகு 100இற்கும் மேற்பட்ட நாடுகளுக்கு அது பரவியது.

அமெரிக்காவில் ஏ.பி.சி. தொலைக்காட்சி 1999 ஓகஸ்டில் இதைத் தொடங்கியது. அதே ஆண்டு நவம்பரில் ஜோன் கார்ப்பென்ரர் என்பவர் பத்து இலட்சம் டொலரை வென்றார். கடைசிக் கேள்வியில் தொலைபேசி உதவியை எடுத்துத் தன் தந்தையை அழைத்த அவர், உதவி எதுவும் தேவையில்லை, தான் வெல்லப்போவதைச் சொல்லத்தான் எடுத்தேன் என்றார். பிரித்தானியாவில் முதல் பத்து இலட்சம் பவுணை 2000 நவம்பரில் ஜூடித் கெப்பெல் என்ற பெண் வென்றார்.

மோசடியும் நடந்தது. 2001 செப்டெம்பரில் சார்ள்ஸ் இங்ரம் என்ற பிரித்தானிய இராணுவ மேஜர் பத்து இலட்சம் பவுணை ‘வென்றார்’. சரியான விடையை அவர் வாசிக்கும்போதெல்லாம் அரங்கில் இருந்து ஒருவர் இருமியது ஒலிப்பதிவில் கண்டுபிடிக்கப்பட்டது. 2003இல் இங்ரமும் அவருடைய மனைவியும் இருமியவரும் குற்றவாளிகளாகத் தீர்க்கப்பட்டனர். பணம் வழங்கப்படவில்லை.

விளையாட்டின் விதி

பழைய வடிவத்தில் 15 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள் திரையில் எழுத்தில் தோன்றும். ஒன்று மட்டும் சரி. பரிசுத்தொகை ஏணிப்படி போல ஏறும். பிரித்தானியாவில் 100 பவுணில் தொடங்கி பத்து இலட்சம் பவுண் வரை. ஐந்தாவது, பத்தாவது கேள்விகளில் பாதுகாப்புப் படிகள் உண்டு. அவற்றைத் தாண்டியவர் பிறகு பிழையாகச் சொன்னாலும் அந்தப் படிக்குரிய தொகை கையில் நிற்கும். விடை தெரியாவிட்டால் அதுவரை வென்றதை எடுத்துக்கொண்டு எழும்பிப் போகலாம்.

மூன்று உதவிகள் உண்டு. நான்கு விடைகளில் பிழையான இரண்டை நீக்கச் சொல்லலாம். தெரிந்தவர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்து 30 விநாடிகள் கேட்கலாம். அரங்கில் இருக்கும் பார்வையாளர்களின் கருத்தைக் கேட்கலாம். இதில் எது நல்ல உதவி? அமெரிக்க எழுத்தாளர் ஜேம்ஸ் சுரோவிக்கி 2004இல் வெளியிட்ட தன் நூலில் அமெரிக்க நிகழ்ச்சியின் கணக்கைக் கொடுத்திருக்கிறார். கெட்டிக்காரர் என்று நம்பித் தொலைபேசியில் அழைக்கப்பட்டவர்கள் சுமார் 65 வீதம் சரியான விடை சொன்னார்கள். பொழுதுபோக்க வந்திருந்த சாதாரண சனம் 91 வீதம் சரியாகச் சொன்னது. ஒரு கூட்டத்தில் ஒவ்வொருவருக்கும் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்திருக்கும். தெரியாதவர்களின் பிழைகள் நான்கு பக்கமும் சிதறிப்போக, தெரிந்தவர்களின் விடை ஒரு பக்கத்தில் குவிகிறது என்பது அவருடைய விளக்கம்.

பரிசுக் காசு எங்கிருந்து வருகிறது?

அந்த அம்மாவின் கேள்விக்கு இதுதான் முக்கியமான பகுதி. தொலைக்காட்சி நிறுவனம் தன் சொந்தப் பையில் இருந்து அள்ளிக் கொடுப்பதில்லை. விளம்பரதாரர்களின் பணம் ஒரு வழி. மற்றையது, போட்டிக்குப் பதிவு செய்ய முயலும் சனத்தின் தொலைபேசிக் கட்டணம். பிரித்தானிய நிகழ்ச்சி ஆரம்பிக்கும்போதே, கலந்துகொள்ள விரும்புவோர் வழக்கத்தை விடக் கூடுதலான கட்டணமுள்ள இலக்கத்துக்கு அழைக்கும்படி வைத்துத்தான் பரிசுக்குப் பணம் திரட்டப்பட்டது. அழைத்த இலட்சக்கணக்கானோரில் ஒரு சிலர் மட்டுமே நாற்காலிக்குப் போனார்கள்.

இந்தியாவில் இது வழக்குக்கும் போனது. 2007இல் இந்தி நிகழ்ச்சியோடு சேர்த்து வீட்டில் இருப்போருக்கும் ஒரு குறுஞ்செய்திப் போட்டி நடத்தப்பட்டது. ஒரு குறுஞ்செய்திக்கு 2.40 இந்திய ரூபா அறவிடப்பட்டது. பரிசு இலவசமாகக் கொடுக்கப்படுவது போலக் காட்டி சனத்தின் காசிலேயே கொடுக்கிறார்கள் என்று நுகர்வோர் அமைப்பு ஒன்று முறைப்பாடு செய்தது. 2008இல் தேசிய நுகர்வோர் ஆணையம் தொலைக்காட்சி நிறுவனத்துக்கும் தொலைபேசி நிறுவனத்துக்கும் ஒரு கோடி ரூபா தண்டம் விதித்தது. பின்னர் உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டத்தை நீக்கியது. தீர்ப்பு எப்படிப் போனாலும், பரிசுக் காசில் பார்வையாளரின் பங்கு பற்றிய கேள்வி பொதுவெளிக்கு வந்தது.

இந்தியாவுக்கு வந்த ஒரு கோடி

2000 ஜூலை 3ஆம் திகதி ஸ்ரார் பிளஸ் அலைவரிசையில் ‘கோன் பனேகா குரோர்பதி’ தொடங்கியது. நடத்தியவர் அமிதாப் பச்சன். அப்போது அவருடைய சொந்த நிறுவனம் கடனில் மூழ்கியிருந்தது, படங்களும் சரியாக ஓடவில்லை. பெரிய திரையின் நட்சத்திரம் சின்னத் திரைக்கு வருவது இறக்கம் என்று கருதப்பட்ட காலம். அந்த நிகழ்ச்சி அவரையும் தூக்கி நிறுத்தியது, அலைவரிசையையும் தூக்கி நிறுத்தியது. அதே ஆண்டு ஹர்ஷ்வர்தன் நவாத்தே என்ற இளைஞர் முதல் ஒரு கோடியை வென்றார். ஷாருக் கான் நடத்திய 2007ஆம் ஆண்டுத் தொடர் தவிர மற்றெல்லாவற்றையும் பச்சனே நடத்தினார். இன்று அந்த நிகழ்ச்சிக்கு 25 வயது கடந்துவிட்டது.

தமிழில் முதல் கோடி, வன்னியில் இருள்

தமிழருக்குப் போட்டி நிகழ்ச்சி புதிதல்ல. இலங்கை வானொலியில் பி.எச். அப்துல் ஹமீத் நடத்திப் புகழ்பெற்ற ‘பாட்டுக்குப் பாட்டு’ பின்னர் சன் ரிவிக்குப் போய் தமிழகத்து வீடுகளிலும் புலம்பெயர்ந்தவர்களின் வீடுகளிலும் ஓடியது. எங்கள் மண்ணில் பிறந்து தமிழகத்துக்குப் போன போட்டி நிகழ்ச்சி என்று அதைத்தான் சொல்ல வேண்டும். அங்கே காசுக்காக யாரும் அழுததில்லை. எழுத்துக்குப் பாட்டு வராமல் தலையைச் சொறிந்ததுதான் உண்டு.

பெருந்தொகைப் பரிசு என்ற எண்ணம் தமிழுக்கு 2000இல் வந்தது. இந்தி நிகழ்ச்சி பரபரப்பான அதே ஆண்டில் சன் ரிவியில் நடிகர் சரத்குமார் ‘கோடீஸ்வரன்’ நிகழ்ச்சியை நடத்தினார். அதைத் தொடர்ந்து ரம்யா கிருஷ்ணன் நடத்திய ‘தங்க வேட்டை’ வந்தது. பிற்காலத்தில் ரிஷி நடத்திய ‘டீலா நோ டீலா’, ‘கையில் ஒரு கோடி ஆர் யூ ரெடி’ ஆகியவையும் வந்தன. அவை வேறு நாட்டு விளையாட்டுக்களின் தமிழ் வடிவங்கள்.

2000ஆம் ஆண்டில் வன்னியில் இருந்தவர்களுக்கு சரத்குமாரின் ‘கோடீஸ்வரன்’ ஞாபகத்தில் இருக்க நியாயமில்லை. வன்னிக்குப் பொருளாதாரத் தடை இருந்தது. எரிபொருளுக்குக் கட்டுப்பாடு. ரோர்ச் லைற் பற்றரிகூடத் தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் மின்சாரம் எடுத்து வானொலிச் செய்தி கேட்ட காலம் அது. ஒருவர் சுற்ற, நாலைந்து பேர் சுற்றியிருந்து காதைக் கொடுப்பார்கள். செய்தி முடிந்ததும் வானொலியும் நிற்கும். பாட்டுக்கும் விளையாட்டுக்கும் கையைச் சுற்றி வீணாக்குவதில்லை.

2002 சமாதான காலத்தில் தடை நீங்கி ஏ-9 வீதி திறந்த பிறகு மின்பிறப்பாக்கியும் தொலைக்காட்சிப் பெட்டியும் வந்தன. 2005இல் தமிழீழத் தேசியத் தொலைக்காட்சி செய்மதி வழியாக ஒளிபரப்பைத் தொடங்கியது. ஆனால் ‘ஒரு கோடி’ நிகழ்ச்சி அப்போது தமிழில் ஓடிக்கொண்டிருக்கவில்லை. அடுத்த முறை அது வரும்போது வன்னியின் நிலையே வேறாகிவிட்டது.

2009 பெப்ரவரி 22

அந்த இடைவெளியில் இந்த விளையாட்டை வைத்து ஒரு திரைப்படம் வந்தது. இந்திய இராஜதந்திரி விகாஸ் ஸ்வரூப் 2005இல் ஆங்கிலத்தில் எழுதிய நாவலைத் தழுவி டேனி பொய்ல் இயக்கிய ‘ஸ்லம்டோக் மில்லியனர்’. மும்பைச் சேரியில் வளர்ந்த ஜமால் என்ற பையன் நாற்காலியில் அமர்ந்து ஒவ்வொரு கேள்விக்கும் சரியாகச் சொல்கிறான். தேநீர் பரிமாறுகிறவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று பொலிஸ் அவனைப் பிடித்து வதைக்கிறது. அவனோ எதையும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஒவ்வொரு விடையும் அவனுடைய வாழ்க்கையில் பட்ட ஒவ்வொரு காயத்தோடு வந்தது. இராமரின் கையில் இருப்பது என்ன என்பது அவனுக்குத் தெரியும். தாயைக் கலவரத்தில் பறிகொடுத்த அன்று அதைக் கண்டிருந்தான்.

2009 பெப்ரவரி 22ஆம் திகதி நடந்த ஒஸ்கார் விழாவில் அந்தப் படம் எட்டு விருதுகளைப் பெற்றது. அவற்றில் இரண்டு ஏ.ஆர். ரஹ்மானுக்கு. தமிழ்நாடு கொண்டாடியது. அந்தப் படத்தின் இன்னொரு பாடலில் ரஹ்மானோடு சேர்ந்து பணியாற்றி ஒஸ்காருக்குப் பரிந்துரைக்கப்பட்டவர் எம்.ஐ.ஏ. என்று அறியப்படும் மாயா அருள்பிரகாசம், ஈழத்தமிழ்ப் பெண். அந்த நாட்களில் தனக்குக் கிடைத்த மேற்குலக ஊடக நேர்காணல்களில் வன்னியில் நடக்கும் கொலைகளைப் பற்றி அவர் பேசினார்.

அதே நாட்களில் வன்னிச் சனம் எங்கே இருந்தது என்பதை வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஜனவரி 2ஆம் திகதி கிளிநொச்சி வீழ்ந்திருந்தது. பரந்தனில் இருந்து முரசுமோட்டை, தருமபுரம், விசுவமடு என்று ஏ-35 வீதியால் நகர்ந்த சனம், பெப்ரவரியில் புதுக்குடியிருப்பிலும் மாத்தளன், பொக்கணைக் கரையோரத்திலும் நெருக்குண்டு கிடந்தது. நான்கில் எது சரியான விடை என்று அவர்களும்தான் யோசித்தார்கள். பங்கருக்குள் இருப்பதா, அடுத்த இடத்துக்கு நகர்வதா, கடலால் போவதா, இராணுவத்தின் பக்கம் போவதா? பிழையான விடைக்குப் பாதுகாப்புப் படி எதுவும் அங்கே இருக்கவில்லை.

நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி

2012 பெப்ரவரி 27ஆம் திகதி விஜய் ரிவியில் நடிகர் சூர்யா ‘நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி’ நிகழ்ச்சியைத் தொடங்கினார். அதே ஆண்டு கன்னடத்தில் புனித் ராஜ்குமாரும் மலையாளத்தில் சுரேஷ் கோபியும் தத்தமது மொழி வடிவங்களைத் தொடங்கினார்கள். தமிழில் 2013இல் பிரகாஷ்ராஜ் இரண்டாவது தொடரையும், 2016இல் அரவிந்த்சாமி மூன்றாவது தொடரையும் நடத்தினர்.

மூவரும் மூன்று விதம். சூர்யா போட்டியாளரின் குடும்பக் கதையைக் கேட்டுக் கண்கலங்குவார். பிரகாஷ்ராஜ் பக்கத்து வீட்டு அண்ணன் போலக் கதை பேசுவார். அரவிந்த்சாமி அமைதி. பதிவுக்காக ஒளிபரப்பிய குறுஞ்செய்திக் கேள்விகள் மிக இலகுவாக இருந்ததால் அவை கேலிக்குள்ளாகின. இலகுவாக வைத்ததன் காரணத்தை மேலே கண்டோம். விடை தெரிந்தவர்கள் கூடினால் குறுஞ்செய்தியும் கூடும்.

வன்னியில் மீள்குடியேறிய சனத்துக்கு இந்த நிகழ்ச்சிதான் முதலாவது ‘கோடி’. தறப்பாள் கொட்டிலில் இருந்து தகரக் கொட்டிலுக்கும், அங்கிருந்து வீட்டுத்திட்ட வீட்டுக்கும் மாறிக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. மின்கம்பம் ஊருக்குள் வந்ததும் பல வீடுகளில் முதலில் வாங்கிய பொருட்களில் ஒன்று தொலைக்காட்சிப் பெட்டி. அதுவும் பெரும்பாலும் தவணைக்கு. இல்லாத வீட்டுப் பிள்ளைகள் இருக்கிற வீட்டுத் திண்ணைக்குப் போனார்கள். உயர்தரப் பரீட்சையில் பல்தேர்வு வினாவுக்குப் பழகிய பிள்ளைகள் திரையில் விடை தோன்றுமுன் சொல்லிவிட்டு, அம்மாமாரைப் பெருமையோடு திரும்பிப் பார்த்தார்கள்.

கோடீஸ்வரி

2019 டிசெம்பரில் கலர்ஸ் தமிழ் அலைவரிசை ‘கோடீஸ்வரி’யைத் தொடங்கியது. போட்டியாளர்கள் பெண்கள் மட்டும். நடத்தியவர் ராதிகா சரத்குமார். கணவர் நடத்திய அதே வகை நிகழ்ச்சியை ஏறத்தாழ 20 ஆண்டுகளின் பின்னர் மனைவி நடத்தினார்.

2020 ஜனவரி 21ஆம் திகதி ஒளிபரப்பான பகுதியில் மதுரையைச் சேர்ந்த கௌசல்யா கார்த்திகா ஒரு கோடி ரூபாவை வென்றார். அவருக்குக் காது கேட்காது. வாய் பேச முடியாது. மதுரை நீதிமன்றத்தில் இளநிலை உதவியாளராக வேலை செய்துகொண்டிருந்த, 31 வயதுத் தாய். இந்த விளையாட்டின் உலக வரலாற்றிலேயே மாற்றுத்திறனாளி ஒருவர் உச்சப் பரிசை வென்றது அதுவே முதல் தடவை என்று செய்திகள் கூறின. தான் படித்த நாகர்கோவில் செவித்திறன் குறைந்தோர் பாடசாலைக்கு உதவ விரும்புவதாக அவர் தெரிவித்தார்.

அந்தக் காட்சியை வன்னியில் இருந்து பார்ப்பவர்களுக்கு வேறு அர்த்தமும் உண்டு. எறிகணைச் சத்தத்தில் செவிப்பறை கிழிந்தவர்கள், கால் இழந்தவர்கள், உடலில் குண்டுச் சிதறலோடு நடமாடுபவர்கள் இல்லாத ஊர் இங்கே இல்லை. அவர்களைப் பற்றி நமது ஊடகங்கள் எழுதும்போது பெரும்பாலும் இரக்கத்தைத்தான் கேட்கிறோம். உதவிப் பொருள் கொடுக்கும் படத்தைத்தான் போடுகிறோம். கௌசல்யாவை யாரும் இரக்கப்பட்டு நாற்காலியில் இருத்தவில்லை. பாடசாலை இருந்தது, பட்டம் கிடைத்தது, அரச வேலை கிடைத்தது, கேள்வி எழுத்தில் வந்தது. அத்தனையும் இருந்ததால் அவருடைய அறிவு வெளியே தெரிந்தது. நமது மாவட்டங்களில் காது கேளாத ஒரு பிள்ளைக்கு அந்த வரிசையில் எத்தனையாவது படி வரை போக முடிகிறது என்பதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி.

இலங்கையின் லக்ஷபதி

இலங்கையில் இந்த விளையாட்டின் சிங்கள வடிவமான ‘சிரச லக்ஷபதி’ 2010இல் தொடங்கியது. சந்தன சூரியபண்டார நடத்துகிறார். 2021 ஜனவரியில் காலியைச் சேர்ந்த உயர்தர மாணவி ஷுக்ரா முனவ்வர் அதில் 20 இலட்சம் ரூபாவை வென்றார். ஒரு முஸ்லிம் பிள்ளை சரளமான சிங்களத்தில் நிதானமாகப் பதில் சொன்ன விதம் நாடு முழுவதும் பேசப்பட்டது. சமூக வலைத்தளங்களில் சிங்கள மக்களும் அவரைக் கொண்டாடினார்கள். கொரோனாவால் இறந்த முஸ்லிம்களின் உடல்களைக் குடும்பத்தின் விருப்பத்துக்கு மாறாக அரசு எரித்துக்கொண்டிருந்த மாதமும் அதுதான்.

ஒரு பிள்ளையைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடிய நாடு, அந்தப் பிள்ளையின் சமூகத்துக்குத் தங்கள் இறந்தவர்களைப் புதைக்கும் உரிமையை அப்போது கொடுக்கவில்லை. இறந்தவர்களை நினைவுகூரவே அனுமதி கேட்டு நிற்கும் எங்களுக்கு இது விளங்காத விடயமல்ல.

வென்ற பிறகு

2011இல் பீகாரின் மோத்திஹாரியைச் சேர்ந்த சுஷில் குமார் இந்தி நிகழ்ச்சியில் ஐந்து கோடி ரூபாவை வென்றார். மாதம் ஆறாயிரம் ரூபா அளவில் சம்பளம் பெற்ற கணினி இயக்குநர். வரி கழித்து ஏறத்தாழ மூன்றரைக் கோடி அவர் கைக்கு வந்தது. ஒன்பது ஆண்டுகளின் பின்னர், 2020இல், வென்ற பிந்திய காலமே தன் வாழ்க்கையின் மிக மோசமான காலம் என்று அவரே பொதுவெளியில் எழுதினார். தானம் கேட்டு வந்தவர்களில் பலர் ஏமாற்றினார்கள். தொடங்கிய தொழில்கள் சரிந்தன. மதுவுக்கும் புகைக்கும் அடிமையானார். மனைவியோடு பிரிவு வரை போனது. பிறகு மீண்டு, மரம் நடுவதிலும் படிப்பிப்பதிலும் இறங்கினார்.

பெருந்தொகை கையில் விழுந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற எண்ணம் வன்னியிலும் இருக்கிறது. அதை ஆசை என்று தள்ளிவிட முடியாது. நுண்கடன் தவணை கட்டும் நாள் வாராவாரம் வருகிறது. வெளிநாட்டில் உள்ள உறவிடம் கேட்டுக் கேட்டு முகம் விழுந்துபோயிற்று. இரணைமடுத் தண்ணீர் வந்தாலும் நெல்லுக்கு விலை வருவதில்லை. இப்படி இருக்கிற வீட்டுக்குத்தான் ‘பரிசு விழுந்திருக்கிறது’ என்ற அழைப்பும் வருகிறது. ஏமாற்றுபவர்களுக்கு அது தெரியும்.

அந்த அழைப்பு வந்தால்

இந்தி நிகழ்ச்சியின் பெயரையும் பச்சனின் படத்தையும் போட்டு, 25 இலட்சம் விழுந்ததாக வட்ஸ்அப்பில் ஏமாற்றும் கும்பல்களைப் பற்றி இந்தியப் பொலிஸார் பல ஆண்டுகளாக எச்சரிக்கிறார்கள். இலங்கையில் தொலைபேசி நிறுவனங்களின் பெயராலும் தொலைக்காட்சிகளின் பெயராலும் இதே வித்தை நடக்கிறது. இதுவரை சொன்ன வரலாற்றில் இருந்தே அதை இனங்காணலாம்.

ஒன்று: இந்த விளையாட்டில் நாற்காலியில் அமர்ந்து விடை சொல்லாமல் யாருக்கும் கோடி கிடைத்ததில்லை. நீங்கள் பதிவு செய்யாத போட்டியில் உங்களுக்குப் பரிசு விழாது.

இரண்டு: உண்மையான பரிசில் வரியைப் பரிசில் இருந்துதான் கழிப்பார்கள். சுஷில் குமாருக்கு நடந்தது அதுதான். “முதலில் வரியைக் கட்டுங்கள்” என்று கேட்பவர் பரிசு தருபவர் அல்ல. பதிவுக் கட்டணம், அனுப்பும் செலவு என்று எந்தப் பெயரில் கேட்டாலும் அதுவே.

மூன்று: உங்கள் கைபேசிக்கு வரும் இரகசிய இலக்கத்தை, அடையாள அட்டையின் படத்தை, வங்கி அட்டையின் இலக்கத்தை எவருக்கும் கொடுக்க வேண்டாம். கேட்பவர் தமிழில் அன்பாக ‘அம்மா’ என்று அழைத்தாலும் கொடுக்க வேண்டாம்.

நான்கு: “ஒருவருக்கும் சொல்லாதேங்கோ, அரை மணித்தியாலத்துக்குள் கட்டுங்கோ” என்று அவசரப்படுத்தினால் அழைப்பைத் துண்டியுங்கள். உண்மையான நிகழ்ச்சியே யோசிக்க நேரம் கொடுக்கிறது.

ஐந்து: காசு கட்டிவிட்டீர்கள் என்றால் உடனே வங்கிக்கு அறிவியுங்கள். பொலிஸில் முறைப்பாடு செய்யலாம். இணையம், கைபேசி வழி மோசடிகளுக்கு ஸ்ரீலங்கா சேர்ட் அமைப்பின் 101 என்ற இலக்கமும் உண்டு. பொலிஸ் நிலையப் படி ஏற எங்கள் சனம் ஏன் தயங்குகிறது என்பது தெரியும். தனியே போகத் தயக்கமென்றால் கிராம அலுவலரையோ மாதர் சங்கத்தில் ஒருவரையோ கூட்டிக்கொண்டு போங்கள். ஏமாந்தது வெட்கப்பட வேண்டிய விடயமல்ல.

முரசுமோட்டை அம்மா காசு கட்டவில்லை. அவரைக் காப்பாற்றியது அந்த விளையாட்டின் ஓர் உதவிதான்: தெரிந்த ஒருவரைத் தொலைபேசியில் அழைத்தது. 30 விநாடிக்குப் பதிலாக எங்களுக்கு அரை மணித்தியாலம் இருந்தது. கடைசியில் அவர் கேட்டார்: “நீ அந்த நாற்காலியில இருந்தால் ஆருக்குப் பிள்ளை போன் எடுப்பாய்?” நான் யோசித்துக்கொண்டிருக்க, அவரே சொன்னார். 2009இல் வட்டுவாகலில் இருந்து திரும்பி வராத தன் மூத்தவனின் பெயரை. “அவன்தான் எங்கட வீட்டில பொது அறிவில கெட்டிக்காரன்.”

பிறகு, அடுப்பில் சோறு இருக்கிறது என்று சொல்லி அழைப்பை வைத்துவிட்டார்.